தீனா தொட்டால் ஓடும் எஞ்சின்

இருபது நிமிடம் ஓடிய எஞ்சின் மறுபடியும் நின்றது. பட்டென்று நிற்கவில்லை. முதலில் சத்தம் மெலிந்தது. பிறகு இருமல்காரனைப் போல இரண்டு மூன்று தடவை விக்கியது. கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கிப்போனது. மாமரத்து உச்சியில் பூங்கொத்துகளை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்த மருந்துச் சாரல் தழைந்து தழைந்து, தீனாவின் காலடியிலேயே சொட்டத் தொடங்கியது.

மருந்து கலந்த பேரல் பக்கத்தில் நின்றிருந்த பச்சையம்மாள் செல்போனை எடுத்து மணி பார்த்தாள். ஏழு ஐந்து. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்தது ஆறே முக்காலுக்கு. நேற்றும் இருபது நிமிடம், இன்றும் அதே இருபது நிமிடம். கெட்டுப்போன எஞ்சின் மணி பார்த்துக்கொண்டா நிற்கும்?

அவளே குனிந்து சோக்கை இழுத்துவிட்டுக் கயிற்றைச் சுண்டினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். தீனா ஸ்ப்ரே கன்னைக் கிளையில் மாட்டிவிட்டு நிதானமாக வந்தான். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். மூடினான். ஒரே இழுப்பு. எஞ்சின் படபடவென்று பிடித்துக்கொண்டது.

"பெட்ரோல் இருக்குது அண்ணி. கார்ப்பரேட்டர்லதான் இன்னாவோ கசடு."

"நான் இழுத்தா வராதது, நீ தொட்டா மட்டும் எப்படிடா வருது?"

"கைராசி அண்ணி," என்று சிரித்துவிட்டு மறுபடி மரத்தடிக்குப் போனான்.

அந்தச் சிரிப்புதான் அவள் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டது.

தீனா அவளுடைய கணவன் பாஸ்கரின் தம்பி. பாஸ்கர் திருமலையில் ஒரு விடுதியில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் இரண்டு தடவை ஊருக்கு வருகிறவன். மருந்தடிக்கும் மிஷினை அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினார்கள். பாஸ்கரின் பங்குக்குப் பச்சையம்மாள் நிற்கிறாள். மருந்து கலப்பது, ஹோஸ் இழுப்பது, தோப்புக்காரர்களிடம் பேசி வேலை பிடிப்பது அவள். கன் பிடிப்பதும் எஞ்சின் பார்ப்பதும் தீனா. கங்காதர நெல்லூர் சுற்றுவட்டாரத்தில் சங்கராந்தி முடிந்து மாமரம் பூவெடுக்கும் நேரம் வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் நிற்க நேரமிருக்காது.

இந்த வருஷம் வேங்கடாசலத்தின் தோப்பு கிடைத்திருந்தது. பதினாலு ஏக்கர், அத்தனையும் பெங்களூரா ரக மாமரம். அவர் தோப்பில் மருந்தடித்தவர்கள் என்று பெயர் வந்துவிட்டால் அந்தப் பக்கத்து வேலையெல்லாம் தானாகத் தேடி வரும். ஆனால் பூவின் சாற்றை உறிஞ்சுகிற தத்துப்பூச்சி இறங்கிவிட்டது. பூ முழுக்க மலர்வதற்குள் மருந்து அடித்து முடித்தாக வேண்டும். வேங்கடாசலம் முதல் நாளே சொல்லிவிட்டார், ஒரு வாரத்தில் முடியாவிட்டால் ரமணாவின் ட்ரோனை வரவழைத்துவிடுவதாக.

ரமணா திருப்பதிக்காரன். ஏர்பேடு பக்கம் நெல் வயல்களுக்கெல்லாம் ட்ரோன் பறக்கவிட்டு மருந்தடிக்கிறவன். இப்போது மாந்தோப்புகளிலும் கண் வைத்திருந்தான். போன மாதம் அவன் செய்துகாட்டிய செயல்விளக்கத்துக்குத் தீனா போய், வாயைப் பிளந்துகொண்டு பார்த்துவிட்டு வந்ததைப் பச்சையம்மாள் மறக்கவில்லை.

அன்றைக்கு மூன்று தடவை எஞ்சின் நின்றது. மூன்று தடவையும் தீனா போய்த் தொட்டதும் ஓடியது. சாயங்காலம் அவன் கார்ப்பரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் துளையான ஜெட்டை வாயால் ஊதி, துணியால் துடைத்து மாட்டினான். வழக்கம்போல மிஷினை மருந்து நெடி போகத் தேய்த்துக் கழுவித் தாழ்வாரத்தில் நிறுத்தினான். அவன் செய்த ஒவ்வொன்றையும் அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளுக்கு வீட்டில் ஒதுங்கியிருக்க வேண்டிய நாள். மூன்று நாள் அவள் மிஷின் பக்கம் போகவில்லை. பெரிய தோப்புக்கு ஆள் போதாது என்று தீனா தன் கூட்டாளி ஒருவனைச் சேர்த்துக்கொண்டு பக்கத்து ஊர்ச் சின்னத் தோப்புகளுக்கு மிஷினைக் கொண்டுபோனான். மூன்று நாளும் சாயங்காலம் விசாரித்தாள்.

"நின்னுச்சா?"

"இல்ல அண்ணி. காலைல ஸ்டார்ட் பண்ணது, மத்தியானம் நாங்களா நிறுத்தற வரைக்கும் ஓடிக்கினே இருந்துச்சு. க்ளீன் பண்ணேன் இல்ல?"

நம்பாமல் அந்தத் தோப்புக்காரர்களில் ஒருவருக்குப் போன் போட்டு, மருந்து நன்றாக அடித்தார்களா என்று கேட்பதுபோல் கேட்டாள். மிஷின் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்று அவரும் சொன்னார். பச்சையம்மாள் போனை வைத்தாள். அவள் இல்லாத இடத்தில் ஓடுகிறது. சின்னத் தோப்பில் ஓடுகிறது. வேங்கடாசலம் தோப்பில் மட்டும் நிற்கிறது. கணக்கு நேராகத்தானே வருகிறது?

சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் தலைக்குக் குளித்தாள். சீசன் முழுக்க மிஷின் வெளியே கிளம்பும்முன் அவள் செய்கிற பூஜையைச் செய்தாள். தண்ணீர் தெளித்து, மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பொட்டு வைத்து, குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டினாள். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில், பக்கத்து வீட்டுப் பெண் பவ்யாவிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த சிவப்பு நகப்பூச்சை எடுத்து, கார்ப்பரேட்டரில் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் அளவு வைக்கிற சின்னத் திருகாணியின் தலையில் ஒரு கோடு இழுத்தாள். திருகாணியை யாராவது அசைத்தால் கோடு உடையும். பெட்ரோலையும் முதல் நாளே தானே பங்க்கில் வாங்கி, கேனைத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள்.

வேங்கடாசலம் தோப்பில் இருபதாவது நிமிடம் எஞ்சின் நின்றது.

அவர் வரப்பிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். நடுவில் பச்சையம்மாள் தண்ணீர் கொண்டுவர மோட்டார் கொட்டகைக்குப் போய்த் திரும்பியபோது தீனா எஞ்சின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

வீடு திரும்பியதும் முதல் வேலையாகத் திருகாணியைப் பார்த்தாள். சிவப்புக் கோடு இரண்டாக உடைந்து, ஒரு பாதி நகர்ந்திருந்தது.

"தீனா, இந்த ஸ்க்ரூவைத் தொட்டியா?"

"இல்லியே அண்ணி."

கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. காலால் தரையைக் கீறிக்கொண்டே சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் திருப்பதியில் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினான். என்ன வேலை என்று கேட்டதற்கு, சும்மா ஒரு ஆளைப் பார்க்க வேண்டும், திங்கள் மத்தியானம் வந்துவிடுவேன் என்றான். பஸ் தெருமுனை தாண்டியதும் பச்சையம்மாள் பாஸ்கருக்குப் போன் போட்டு, தம்பி யாரைப் பார்க்கிறான் என்று கவனிக்கச் சொன்னாள். அன்று அவனுக்குக் கீழே திருப்பதியில்தான் வேலை. பத்தரை மணிக்கு அவனே திருப்பிக் கூப்பிட்டு, தம்பி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ரமணாவுடன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதாகவும், ஏதோ காகிதங்களில் கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னான். கூடவே, அவசரப்பட்டு ஒன்றும் செய்துவிடாதே என்றும் சொன்னான். அந்தக் கடைசி வார்த்தை அவள் காதில் ஏறவில்லை.

நேரே வேங்கடாசலத்தின் வீட்டுக்குப் போனாள். மிஷினில் கோளாறே இல்லை, தன் கொழுந்தன்தான் ரமணாவோடு சேர்ந்துகொண்டு எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்துகிறான், இந்தத் தோப்பை ட்ரோனுக்குத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். உடைந்த சிவப்புக் கோட்டைப் பற்றியும் சொன்னாள். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

திங்கள் காலை, தீனா திரும்பி வருவதற்குள் உண்மையைக் கையில் பிடித்துவிட வேண்டும் என்று மிஷினை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சித்தூருக்குக் கொண்டுபோனாள். வெளியே போகிற மிஷின் என்பதால் அன்றைக்கும் பூஜை தப்பவில்லை.

இஸ்மாயிலின் பட்டறை சித்தூர் மார்க்கெட் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. சின்ன எஞ்சின்களைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். கரும்பு ஜூஸ் மிஷின், ஜெனரேட்டர், புல் வெட்டி என்று சுற்றிலும் கிடந்தன. பச்சையம்மாள் கோளாறைச் சொன்னதைவிடத் தீனாவைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். எஞ்சினுக்குள் என்ன திருட்டு வேலை நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்று கேட்டாள்.

"மிஷினுக்கு யார் நல்லவன், யார் கெட்டவன்னு தெரியாது தங்கச்சி," என்றார் இஸ்மாயில். "நின்னுபோற நேரத்துல சோக்கை இழுத்தா கொஞ்ச நேரம் கூட ஓடுமா?"

யோசித்துப் பார்த்தாள். விக்க ஆரம்பித்ததும் சோக்கை இழுத்தால் அரை நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்றாள்.

அவர் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். அதன் நுனி சாம்பல் வெள்ளையாக வெளுத்திருந்தது. சோக் என்பது காற்றை மறிக்கிற கதவு, காற்றைக் குறைத்தால் எஞ்சின் நிமிர்கிறது என்றால் உள்ளே போகிற பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், பெட்ரோல் அதிகமாகிப் போயிருந்தால் பிளக் கரி பிடித்திருக்கும் என்று வேலை செய்துகொண்டே விளக்கினார். பச்சையம்மாள் உடனே, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருப்பான் என்றாள். அவர் கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை, ஒரு துகள் கசடு இல்லை. ஜெட்டைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். துளை வழியாகத் தெருவே தெரிந்தது. உள்ளே மிதக்கிற மிதவையும் ஊசியும் சரியாக இருந்தன.

"யாரோ நல்லா க்ளீன் பண்ணியிருக்கான். கார்ப்பரேட்டர் மேல ஒரு தப்பும் இல்ல."

"அந்த ஸ்க்ரூவைப் பாரு பாய். கோடு உடைஞ்சிருக்குது."

இஸ்மாயில் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஆமா, கால் சுத்து திருப்பியிருக்கான். வெளிப்பக்கமாத் திருப்பியிருக்கான். அப்படித் திருப்பினா பெட்ரோல் கூட வரும். நிறுத்தணும்னு நெனைக்கறவன் உள்பக்கம்தானே முடுக்குவான்? இவன் ஓட வைக்கப் பார்த்திருக்கான் தங்கச்சி."

பச்சையம்மாளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அப்படியென்றால் ஏன் தொடவில்லை என்று பொய் சொன்னான்? கார்ப்பரேட்டரை இனிமேல் தொடாதே என்று தான் வெள்ளிக்கிழமைதான் அவனிடம் கத்தியது அப்போது நினைவுக்கு வந்தது. வந்த நினைவை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

இஸ்மாயில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, கிண்ணத்தின் அடியில் இருந்த பெட்ரோல் வடிக்கிற திருகாணியைத் தளர்த்தி, கீழே ஒரு டீ கிளாசை வைத்தார். பெட்ரோல் கம்பியாக இறங்கியது. கிளாஸ் நிறைந்தது. வேறொரு டப்பாவை வைத்தார். கொஞ்ச நேரத்தில் கம்பி நூலாக மெலிந்தது. நூல் சொட்டாக மாறியது. சொட்டும் நின்றது. டேங்க்கில் முக்கால் பங்கு பெட்ரோல் தளும்பிக்கொண்டிருந்தது.

"இப்ப மூடியைத் திற."

திறந்தாள். புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. டேங்க் மூச்சை உள்ளே இழுத்த மாதிரி இருந்தது. மறுகணமே கீழே பெட்ரோல் பழையபடி கம்பியாகக் கொட்டியது.

"டேங்க்ல பெட்ரோல் எறங்க எறங்க, மேலேர்ந்து அந்த இடத்துக்குக் காத்து வரணும். வரலைன்னா பெட்ரோல் எறங்காது. அதுக்குன்னு மூடியில ஊசி மொனை மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். இந்த மூடி எப்ப மாத்தினீங்க?"

பழைய மூடி தொலைந்துபோய், போன மாதம் தீனாதான் திருப்பதியில் புதிதாக வாங்கி வந்தான் என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உயர்ந்தது. அவன் வாங்கி வந்த மூடி! ஓட்டையை அடைத்து வாங்கி வந்திருப்பான்!

இஸ்மாயில் அவள் கையிலிருந்த மூடியையே பார்த்தார். கை நீட்டியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நான் தொடக் கூடாது. பூஜை பண்ணது. நீயே தொடைச்சுப் பாரு."

மூடியின் நட்டநடுவில் மஞ்சள் சந்தனம் எட்டணா அகலத்துக்குக் கெட்டியாக அப்பியிருந்தது. அதன் மேல் குங்குமம். அன்று காலை அவளே தன் மோதிர விரலால் அழுத்தி வைத்தது. முந்தானையால் துடைத்தாள். அடியில் குண்டூசித் தலையைவிடச் சிறிய துளை ஒன்று, சந்தனம் அடைத்து மஞ்சளாகத் தெரிந்தது.

அவள் மனசு பின்னோக்கி ஓடியது. பழைய மூடிக்குத் துளை நடுவில் இல்லை, எங்கோ ஓரத்தில் இருந்திருக்க வேண்டும், அதனால் போன வருஷம் ஒன்றும் ஆகவில்லை. முதல் நாள் பூஜை செய்தாள், எஞ்சின் நின்றது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்று நாள் அவள் ஒதுங்கியிருந்தாள், பொட்டு வைக்க ஆளில்லை. சாயங்காலமே தீனா கழுவி வைத்த வெறும் மூடியோடு மிஷின் நாளெல்லாம் ஓடியது. சனிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்து வைத்தாள், நின்றது. தீனா தொட்டால் மட்டும் ஏன் ஓடியது? அவன் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தான். அவள் திறக்கவில்லை. அவ்வளவுதான் அவனுடைய கைராசி.

"நடக்கறதுதான்," என்றார் இஸ்மாயில். "வெளிய சொல்ல வெக்கமா இருந்தா, ஜெட் அடைப்பு, மாத்தியாச்சுன்னு நான் சொல்லிடறேன். யாரும் கேட்க மாட்டாங்க."

அப்போது போன் அடித்தது. வேங்கடாசலம். யோசித்துவிட்டதாகச் சொன்னார். மிஷின் நல்லது, ஆள்தான் சரியில்லை என்று புரிந்துவிட்டதாம். வேலையை அவளே செய்யலாமாம். ஆனால் தீனா இனிமேல் தன் தோப்பில் கால் வைக்கக் கூடாதாம். அந்தப் பக்கத்துத் தோப்புக்காரர்களிடமும் அவனைப் பற்றிச் சொல்லி வைத்துவிட்டாராம். வேறு ஒரு ஆளோடு வந்தால் நாளைக் காலையில் ஆரம்பிக்கலாம், அவன் வந்தால் ரமணாவைக் கூப்பிடுவேன் என்றார்.

பச்சையம்மாள் சாயங்காலம் நேரில் வருவதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

ஆட்டோவில் திரும்பி வரும் வழியெல்லாம் மிஷின் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். தோப்பு அவளுடையது. ஜெட் அடைப்பு என்று இஸ்மாயில் சொல்வார். கன் பிடிக்க ஆளா கிடைக்காது? வாயைத் திறந்தால், சந்தனத்தை வைத்துத் தன் எஞ்சினைத் தானே அடைத்துவிட்டு கொழுந்தன் மேல் பழி போட்டவள் என்று சிரிப்பார்கள். அது போகட்டும். தன் மிஷினைத் தானே புரிந்துகொள்ளாதவளிடம் பதினாலு ஏக்கரை யார் விடுவார்கள்? அதுவுமில்லாமல் தீனா ரமணாவோடு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது பொய்யில்லையே? அதில் ஏதோ இருக்கத்தானே செய்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியை அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அது ஒன்றுதான் அவளுக்குச் சாதகமாக இருந்தது.

தோப்பு வாசலில் ஆட்டோ நின்றபோது மணி நாலு. உள்ளே தீனா வேங்கடாசலத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். பஸ் இறங்கியதும் மிஷினைக் காணாமல் தேடி இங்கே வந்திருக்க வேண்டும். பெரியவர் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லி முடித்துவிட்டார் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அவன் அவளைத் திட்டவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

"ஐயா," என்றாள் பச்சையம்மாள். "இவன் மேல தப்பு இல்ல. பெட்ரோல் மூடி ஓட்டையை நான்தான் அடைச்சேன். சந்தனத்தால. தெரியாமத்தான். தினமும் பூஜை பண்ணி, தினமும் அடைச்சிருக்கேன்."

ஆட்டோவிலிருந்த மிஷினின் மூடியைக் கழற்றி வந்து காட்டினாள். எப்படி நடந்தது என்று இஸ்மாயில் சொன்னபடியே சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை தீனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். வேங்கடாசலம் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நேத்து வந்து ஒருத்தன் மேல பழி போட்டே. இன்னைக்கு வந்து எடுத்துக்கறே. நாளைக்கு என் பூவெல்லாம் கருகிப்போனா அந்தப் பழியை யார் மேலம்மா போடுவே?"

பெரியவர் எழுந்து வரப்பில் நாலு எட்டு நடந்தார். கிளைகளை அண்ணாந்து பார்த்தார். அரும்புகள் பாதிக்கு மேல் வாய் திறந்திருந்தன. ரமணாவுக்கு நாளை மத்தியானம் வரச் சொல்லியாகிவிட்டது என்றார். பத்து மணிக்குள் ஓடை ஓரத்து மூன்று வரிசையும் முடிந்திருந்தால் அவனைத் திருப்பி அனுப்புவாராம். எஞ்சின் ஒரு தடவை தானாக நின்றாலும் அவள் மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டுமாம். மற்ற தோப்புக்காரர்களிடம் தீனாவைப் பற்றித் தான் சொன்னது தப்பு என்று அவளே போய்ச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். சொல்கிறேன் என்றாள்.

திரும்பிப் பார்த்தபோது தீனா அங்கே இல்லை.

அன்றைக்கு அவன் அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நாலு தோப்புக்காரர்கள் வீட்டுக்கும் நடந்து போய், நின்ற நிலையிலேயே சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வீட்டில் மட்டும் உட்காரச் சொன்னார்கள்.

காலை ஆறரைக்கு ஆட்டோக்காரன் மிஷினைத் தோப்பில் இறக்கிவிட்டுப் போனான். அவள் தனியாகத்தான் நின்றாள். மருந்து கலந்தாள், ஹோஸை விரித்தாள். ஒரு ஆளால் கன்னும் பிடித்து, எஞ்சினும் பார்த்து, ஹோஸும் இழுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். வரப்பில் நாற்காலி போட்டிருந்த வேங்கடாசலத்துக்கும் தெரியும். ஆறே முக்கால் தாண்டியபோது ஓடைப் பக்கமிருந்து தீனா நடந்து வந்தான்.

வணக்கமும் இல்லை, அண்ணியும் இல்லை. நேரே வந்து கன்னை எடுக்கக் குனிந்தான்.

"ரமணாகிட்ட இன்னாத்துக்குக் கையெழுத்துப் போட்ட?" என்றாள். கேட்கக் கூடாது என்றுதான் ராத்திரி முழுக்க நினைத்திருந்தாள். வாய் கேட்டுவிட்டது.

"ட்ரோன் ட்ரெய்னிங். அடுத்த திங்கக்கெழமை திருப்பதில ஆரம்பிக்குது. சீசன் முடிஞ்சதும் சேர்றேன்னேன், இப்பவே வான்னுட்டான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ இன்னா நெனைச்சிருப்ப?"

நெனைச்சதைத்தான் நெனைச்சிருப்பேன் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அவன் கையிலிருந்த கன்னை வாங்கினாள்.

"நீ எஞ்சின்கிட்ட நில்லு. நான் அடிக்கறேன்."

"உனக்குக் கை வலிக்கும்."

"வலிக்கட்டும்."

அவன் சோக்கை இழுத்து, கயிற்றைச் சுண்டினான். எஞ்சின் பிடித்ததும் சோக்கைத் தள்ளிவிட்டான். பச்சையம்மாள் எஞ்சினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முதல் மரத்தை நோக்கி நடந்தாள். சாரல் உச்சிவரை ஏறியது. கன் கையை உதைத்தது. ஒரு மரம், இரண்டு மரம், ஆறு மரம். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் மணி பார்க்கவில்லை. கை இரண்டும் கன்னில் இருந்தன. ஆனாலும் உடம்புக்கு மணி தெரிந்தது. இருபதாவது நிமிடம் நெருங்க நெருங்கப் பிடரி நமைத்தது. அவன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான்? குனிந்திருப்பானா? கை எங்கே இருக்கும்? திரும்பிப் பார்த்துவிடலாம், ஒரே ஒரு தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த மரத்தின் பூங்கொத்துகளையே பார்த்தாள்.

இருபதாவது நிமிடம் தாண்டியிருக்கும். இன்னும் மூன்று மரம் முடிந்தது. திடீரென்று சாரல் விட்டு விட்டுத் தெறித்தது. தழைந்தது. சடக்கென்று திரும்பினாள்.

எஞ்சின் நிற்கவில்லை. முன்னைவிடச் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. தீனா அதிலிருந்து மூன்றடி தள்ளி நின்று, போலீசைக் கண்டவன்போல இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தான்.

"பேரல் காலி அண்ணி," என்றான்.

அவன் சிரிக்கவில்லை. கையை அவள் நன்றாகப் பார்த்து முடிக்கும்வரை இறக்கவும் இல்லை. பிறகு எஞ்சினை அமர்த்தினான். வேங்கடாசலம் நாற்காலியிலிருந்தபடியே, இன்னும் இரண்டு வரிசை பாக்கியிருக்கிறது, பேசிக்கொண்டே நின்றால் எப்படி என்று குரல் கொடுத்தார். பச்சையம்மாள் கன்னைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த பேரலுக்குத் தண்ணீர் இறைக்க மோட்டார் கொட்டகைக்கு நடந்தாள். மிஷினையும் தீனாவையும் அங்கேயே தனியாக விட்டுவிட்டுத்தான் நடந்தாள்.